கை மடங்கியவர் திறந்து வைத்த வித்தை

மலருக்கு ஒரு பெரியவர் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் என்னைப் பிடித்தபோது, எனக்கு முன்னாடியே மூணு பேர் எடிசனையும் ஜி.டி. நாயுடுவையும் அப்துல் கலாமையும் பங்கு போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் யாரு என்று யோசித்துக்கொண்டே கே.கே. நகரிலிருந்து அண்ணா நகர்ப் பக்கம் சைக்கிளை மிதித்தேன். அரவிந்த் கண் ஆஸ்பத்திரி வாசலில் வழக்கம்போலக் கூட்டம். பச்சைத் துணியால் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கிராமத்துப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரிய மனுசரை விட்டுவிட்டு அமெரிக்காவில் ஆள் தேடுவானேன் என்று தோன்றியது. அப்படித்தான் டாக்டர் கோ. வெங்கடசாமி இந்தப் பக்கங்களுக்கு வந்து சேர்ந்தார்.

கண் டாக்டருக்கும் டிப்ளமோ படிக்கிற நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. கடைசல் இயந்திரம் வரைக்கும் சம்பந்தம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

போன வருடம் இன்பிளான்ட் டிரெயினிங்குக்காக ஒரு பட்டறைக்கு இரண்டு வாரம் போனோம். பெயர் வேண்டாம். அங்கே ஒரு ஃபோர்மேன் அண்ணன் இருந்தார். கைராசிக்காரர். அவர் மெஷினை செட் பண்ணினால் ஜாப் ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகாது. ஆனால் செட் பண்ணும்போது மட்டும் நமக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். அளவுகளைச் சின்னச் சீட்டில் எழுதிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். கேட்டால் சிரிப்பார். மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு போட்டார் பாருங்கள், அந்த நாலு நாளும் ரிஜெக்ட் பெட்டி நிரம்பி வழிந்தது. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் ஃபோர்மேனைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சீட்டுதான் அவருக்குச் சோறு. சொல்லிக்கொடுத்துவிட்டால் நாளைக்கே பாதிச் சம்பளத்துக்கு ஒரு சின்னப் பையனைப் போட்டுவிடுவார்களோ என்கிற பயம் நியாயமான பயம்தான். ஆனால் ஒரு தொழிலின் அறிவு முழுவதும் ஒருவர் சட்டைப் பைக்குள் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த நாலு நாளில் கண்ணால் பார்த்தேன். அப்போதிருந்து இந்தக் கேள்வி மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. தெரிந்ததைக் கொடுத்துவிட்டும் பிழைக்க முடியுமா?

முடியும் என்று காட்டிய மனிதர் நம்மில் பெரும்பாலோர் பிறப்பதற்கு முன்பே, 2006 ஜூலை 7 அன்று மறைந்துவிட்டார்.

வெங்கடசாமி 1918 அக்டோபர் 1 அன்று எட்டையபுரம் பக்கம் வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பதற்கு வேற்றூருக்கு நடந்து போன தலைமுறை. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு, சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்து 1944-இல் டாக்டரானார். உறவில் இளம்பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்தவர் என்பதால் மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே ஆசை. படித்த கையோடு ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கேதான் அடி விழுந்தது. கடுமையான முடக்குவாதம். மாதக்கணக்கில் படுக்கை. எழுந்தபோது பத்து விரல்களும் கோணிப் போயிருந்தன. பேனா பிடிக்கக்கூடப் பழக வேண்டியிருந்தது. ராணுவம் 1948-இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

மகப்பேறு மருத்துவம் இனி ஆகாது என்றானதும் மனுசர் எந்தத் துறைக்குப் போனார் தெரியுமா? விரல் நுனியில் வேலை செய்ய வேண்டிய கண் அறுவைக்கு! தன் விரல்களின் வளைவுக்குத் தோதாகக் கருவிகளை அமைத்துக்கொண்டு பழகினார். பட்டயமும் பட்டமும் முடித்து, 1956-இல் மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று அன்றைக்குச் சொன்ன நம் பெரியாஸ்பத்திரியின் கண் பிரிவுக்கும், மருத்துவக் கல்லூரியின் கண் துறைக்கும் தலைவரானார். அந்த விரல்களாலேயே வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான அறுவைகளைச் செய்தார்.

என் மனதில் தைத்தது அந்த லட்சக் கணக்கு இல்லை. நேராக இருக்கிற கைக்கு வித்தை தானாகப் படியும். எப்படிச் செய்தாய் என்று கேட்டால் அந்தக் கைக்கே சொல்லத் தெரியாது. கோணிய விரலோடு ஒவ்வோர் அசைவையும் யோசித்து யோசித்துக் கற்றவருக்கு, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. எந்தத் துண்டு டாக்டர் மட்டுமே செய்ய வேண்டியது, எதை நர்ஸ் செய்யலாம், எதைப் பயிற்சி பெற்ற பத்தாவது படித்த பெண் செய்யலாம் என்று பிரித்துப் பார்க்கிற கண் அவருக்கு அப்படித்தான் வந்திருக்க வேண்டும். இது என் ஊகம். பின்னால் அவர் கட்டிய நிறுவனத்தைப் பார்த்தால் ஊகம் தப்பில்லை என்றே படுகிறது.

1960-களில் கிராமம் கிராமமாகக் கண் முகாம்களை நடத்தினார். 1973-இல் பத்மஸ்ரீ. 1976-இல் 58 வயதில் ஓய்வு. மற்றவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு பேப்பர் படிக்கிற வயதில், அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். பாண்டிச்சேரி அரவிந்தர் மேலிருந்த பக்தியால் அரவிந்த் என்றே பெயர் வைத்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், தம்பி தங்கைகள்தான் குடும்பம். தங்கை டாக்டர் ஜி. நாச்சியார், அவர் கணவர் டாக்டர் பெ. நம்பெருமாள்சாமி ஆகியோர் அறுவை மேசையில் நின்றார்கள். தம்பி ஜி. சீனிவாசன் கட்டடத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார். வீட்டு நகைகள் அடகுக் கடைக்குப் போயின. வீட்டுப் பெண்கள் இதற்கெல்லாம் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்பதை எந்தப் புத்தகமும் முழுசாகச் சொன்னதில்லை.

இந்த ஆஸ்பத்திரியின் வரவு செலவு விசித்திரமானது. பணம் இருக்கிறவர் கட்டணம் கொடுத்தார். இல்லாதவருக்கு இலவசம் அல்லது சிறு தொகை. கொடுத்தவர்கள் காசிலேயே கொடுக்காதவர்களின் அறுவையும் நடந்து, மிச்சமும் நின்றது. அது எப்படி? அமெரிக்கா போயிருந்தபோது மெக்டொனால்ட்ஸ் கடைகளைக் கவனித்திருந்தார். எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் அதே பண்டம், அதே ருசி, யார் செய்தாலும். எல்லாம் எழுதி வைத்த செய்முறை, திட்டமான பயிற்சி. ரொட்டிக்குள் கறி வைத்து விற்பதற்கே இவ்வளவு ஒழுங்கு சாத்தியம் என்றால் கண்புரை அறுவைக்கு ஏன் முடியாது என்பதுதான் அவர் கேள்வி.

நமக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால் லைன் பேலன்சிங். ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளியைத் தயார் செய்து வைத்திருப்பார்கள். முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். பார்வை அளப்பது, மருந்து ஊற்றுவது, கருவி எடுத்துக் கொடுப்பது எல்லாம் கிராமங்களிலிருந்து வந்து இரண்டு வருடப் பயிற்சி பெற்ற பெண்களின் வேலை. இதனால் இங்கே ஒரு டாக்டர் வருடத்துக்குச் செய்த அறுவைகள் நாட்டின் சராசரியைவிடப் பல மடங்கு. கட்டடம், மைக்ராஸ்கோப், சம்பளம் எல்லாம் அத்தனை அறுவைகளுக்கும் பங்கு பிரிகிறபோது ஒன்றின் அடக்கவிலை சரசரவென்று இறங்கிவிடும். இன்டஸ்ட்ரியல் மேனேஜ்மென்ட் பாடத்தில் நாம் மனப்பாடம் பண்ணி மறக்கிற அதே கணக்கு.

இனிமேல்தான் நம் கடைசல் இயந்திரம் வருகிறது.

அந்தக் காலத்தில் புரை அறுவை என்றால் கெட்டுப்போன கண் லென்ஸை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். அது உடைந்தாலோ தொலைந்தாலோ பெரியவர் மறுபடி குருடர். கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கும் முறையை லண்டனில் 1949-இல் ஹெரால்டு ரிட்லி செய்து காட்டிவிட்டார். போரில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லு கண்ணுக்குள் போன விமானிகளைப் பார்த்து, அந்தப் பிளாஸ்டிக்கைக் கண் பகைப்பதில்லை என்று கண்டுகொண்டார் அவர். அதற்குக் காப்புரிமை வாங்கிப் பணம் பார்க்கவும் இல்லை. ஆனாலும் 1980-களில் மேல்நாட்டு லென்ஸ் ஒன்று நூறு டாலர் அளவுக்கு விற்றது. ஏழை நாடுகளுக்குச் சோடாபுட்டியே போதும் என்று சொன்ன நிபுணர்களும் இருந்தார்கள். கூலி வேலை செய்கிற கிழவிக்குப் பட்டணத்துக்காரர் மாதிரி பார்வை எதற்கு என்பதுதானே இதற்கு அர்த்தம்? படிக்கும்போதே எனக்குக் கோபம் வந்தது.

யோசித்துப் பாருங்கள். டிசைன் ரகசியம் இல்லை. பொருள் அக்ரிலிக் பிளாஸ்டிக். நடுவில் இருக்கிற லென்ஸ் 6 மில்லிமீட்டர் விட்டத்தில் வருகிற ஒரு வட்டு, அதைத் தாங்க இரண்டு மெல்லிய வளைந்த கால்கள். டிராயிங் கொடுத்தால் நாமே போட்டுவிடுவோம். பிறகு எதற்கு நூறு டாலர்? வித்தை டிராயிங்கில் இல்லை, செய்முறையில் இருக்கிறது. பிளாஸ்டிக் வில்லையை மைக்ரான் கணக்கில் கடைய வேண்டும். கால்களை உடையாமல் வெட்ட வேண்டும். கண்ணுக்குள் உராயாதபடி உருளையில் போட்டு நாள் கணக்கில் உருட்டி விளிம்பை மழமழப்பாக்க வேண்டும். ஒவ்வொன்றையும் மைக்ராஸ்கோப்பில் சோதித்து, பவர் அளந்து, கிருமி நீக்கி, காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். ஒரு கீறல் இருந்தால் ஒரு கண் போச்சு. எங்கள் ஃபோர்மேனின் சட்டைப் பைச் சீட்டு இங்கே உலக அளவில் சில கம்பெனிகளிடம் இருந்தது, அவ்வளவுதான்.

வெளிநாட்டார் தானமாகக் கொடுத்த லென்ஸ்களை வைத்துக் கொஞ்ச காலம் ஓட்டினார்கள். தானம் வருகிற வரைக்கும்தான் வரும். விலைக்கு வாங்கினால் இலவச நோயாளிக்குக் கட்டுப்படியாகாது. இந்த இடத்தில் சேவா அமைப்பைச் சேர்ந்த டேவிட் கிரீன் என்ற அமெரிக்கர் துணைக்கு வந்தார். தயாரிப்புச் செலவு விற்பனை விலையில் ஒரு சிறு பங்குதான் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பெரிய கம்பெனிகள் கைவிரித்தபோது, ஃபுளோரிடாவிலிருந்த ஒரு சிறிய கம்பெனி தொழில்நுட்பத்தைக் காசுக்குக் கொடுக்க இசைந்தது. 1992-இல் மதுரையில் ஆரோலேப் பிறந்தது. பொறியியல் படித்த உறவினர் டாக்டர் பி. பாலகிருஷ்ணன் அதை நடத்த வந்தார். மதுரை லென்ஸின் விலை பத்து டாலர் அளவுக்கு வந்தது, பிறகு இன்னும் இறங்கியது. பின்னாளில் ஐரோப்பாவின் சிஇ தரச்சான்றும் கிடைத்தது. இன்றைக்கு நூறு நாடுகளுக்கும் மேல் போகிறது. நேபாளத்திலும் எரித்ரியாவிலும் ஃப்ரெட் ஹாலோஸ் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் பெயரிலான அமைப்பு இதேபோல லென்ஸ் ஆலைகளை அந்தப் பத்தாண்டிலேயே அமைத்தது. எல்லாம் சேர்ந்து சோடாபுட்டிக் காலத்துக்கு மங்களம் பாடின.

ஒன்றைக் கவனியுங்கள். லென்ஸை அவர்கள் சும்மா கொடுக்கவில்லை. விற்றார்கள். அரவிந்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளவும் இல்லை. கட்டணம் வாங்கும் தனியார் டாக்டர்களுக்கும், வேறு தர்ம ஆஸ்பத்திரிகளுக்கும் விற்றார்கள். அடக்கவிலை, அதற்கு மேல் புது இயந்திரம் வாங்கவும் ஆராய்ச்சிக்கும் வேண்டிய லாபம், அவ்வளவு. தர்ம சிந்தனை உள்ளவர் எதற்கு வியாபாரம் பண்ணினார் என்று என் நண்பன் ஒருவன் முகம் சுளித்தான். இலவசமாகக் கொடுத்திருந்தால் கொடுக்கிறவன் கை ஓய்ந்த அன்றைக்கே ஆலை மூடியிருக்கும். விலை வைத்ததால்தான் முப்பது வருடம் தாண்டியும் ஓடுகிறது.

பொருளுக்கு விலை வைத்த அதே மனிதர், வழிமுறையை வாரி இறைத்தார். இதுதான் என்னை அசத்திய இடம். அதே 1992-இல் லயன்ஸ் சங்கங்களின் உதவியோடு லைகோ என்ற பயிற்சி நிலையம் அண்ணா நகரில் ஆரம்பமானது. ஐ.ஐ.எம். படித்துவிட்டு 1981-இல் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு வந்த ஆர்.டி. துளசிராஜ் அதைத் தலைமையேற்று நடத்தினார். வெளியூர், வெளிநாட்டுக் கண் ஆஸ்பத்திரிகளிலிருந்து டாக்டர், நிர்வாகி, நர்ஸ் என்று குழுவாக வருவார்கள். ஒரு வாரம் தங்குவார்கள். மேசைகளை எப்படிப் போடுவது, முகாமுக்கு எப்படி ஆள் சேர்ப்பது, எந்தப் படிவத்தில் எதைக் குறிப்பது, எந்தச் செலவு எவ்வளவு என்று எல்லாவற்றையும் திறந்து காட்டுவார்கள். திரும்பிப் போன பிறகு இவர்கள் அங்கே போய்ப் பார்த்துச் சரிசெய்வார்கள். பயிற்சிக்குக் கட்டணம் உண்டு; ஒளிவு மறைவு கிடையாது. இப்படி முந்நூறுக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் அரவிந்தின் வழியைக் கற்றிருக்கின்றன.

போட்டிக்கு ஆள் தயார் பண்ணுகிற வேலை இல்லையா இது? அப்படித்தான் முதலில் நானும் நினைத்தேன். அவர் கணக்கின் கீழ்ப்பகுதி வேறு. அன்றைக்கு நாட்டில் பார்வையற்றோர் கோடிக்கு மேல் இருந்தார்கள். அதில் பெரும்பங்கு அறுவையால் தீரக்கூடிய புரை. ஒரு ஆஸ்பத்திரி ராத்திரி பகலாக அறுத்தாலும் அது கடலில் கரைத்த பெருங்காயம். போட்டியாளர் என்று நாம் சொல்கிறவர் அவர் கணக்கில் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள வந்தவர். இன்னொன்றும் இருக்கிறது. பத்துப் பேர் அந்த முறைப்படி அறுவை செய்ய ஆரம்பித்தால் பத்துப் பேருக்கும் லென்ஸ் வேண்டும், நூல் வேண்டும், மருந்து வேண்டும். ஆரோலேப்புக்கு ஆர்டர் கூடும். ஆர்டர் கூடினால் விலை இறங்கும். விலை இறங்கினால் அண்ணா நகரில் இலவச அறுவை கூடும். கொடுத்தது சுற்றிக்கொண்டு வீட்டுக்கே வருகிறது! வியாபார தந்திரமா, தர்மமா என்று பிரிக்க முயன்று நான் தோற்றுப்போனேன். ஹார்வர்டில் 1993-இலேயே இந்த ஆஸ்பத்திரியைப் பாடமாக எழுதி வைத்துவிட்டார்கள். அவர்களாவது பிரித்தார்களா தெரியாது.

எல்லாம் பொன்னாக இருந்தது என்று எழுதினால் அது சுவரொட்டி ஆகிவிடும். பயிற்சி முடித்த டாக்டர்களில் பலர் வெளியே போய்ச் சொந்தமாகக் கிளினிக் போட்டார்கள். வருடா வருடம் புது ஆள் பழக்க வேண்டியிருந்தது. ஆரம்ப காலத்தில் குடும்பத்து டாக்டர்களே குறைந்த சம்பளத்துக்கு நீண்ட நேரம் உழைத்தார்கள். அண்ணன் சொன்னால் தங்கை தட்ட முடியுமா? எல்லோருக்கும் அது சரிப்படாது. நாளைக்கு ஒரு கம்பெனி முதலாளி வெங்கடசாமி பெயரைச் சொல்லி நமக்குப் பாதிச் சம்பளம் பேசினால் நான் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன். அவர் தன் பென்ஷனில் வாழ்ந்துகொண்டு ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்காமல் உழைத்தவர். அவரோடு யாரையும் சமமாக வைத்துவிடக் கூடாது.

தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், பாண்டிச்சேரி என்று அவர் கண் முன்னாலேயே ஆஸ்பத்திரிகள் எழுந்தன. வயதான பிறகும் தினமும் வந்து வளாகத்தைச் சுற்றி வந்தார். 87 வயதில் மறைந்தபோது ஒரு நாள்கூட வேலை நிற்காத அளவுக்கு எல்லாம் மற்றவர்கள் கையில் இருந்தது. எங்கள் ஃபோர்மேன் லீவு போட்ட நாலு நாளை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதும் முன் அப்பத்தாவிடம் கேட்டேன். பல வருடம் முன்பு ஊரில் நடந்த முகாமில் பார்த்து, வேனில் ஏற்றிக் கூட்டி வந்து, கண்ணில் லென்ஸ் வைத்து மறுபடி ஊரிலேயே இறக்கிவிட்டார்களாம். டாக்டர் பேர் நினைவில்லை. கை பிடித்து நடத்திப் போன பிள்ளை உசிலம்பட்டிப் பக்கம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. ரேஷன் கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துக் காட்டினாள். அதில் லென்ஸ் டப்பாவிலிருந்து உரித்து ஒட்டிய சின்ன ஸ்டிக்கர். பவர், வரிசை எண், கீழே ஆரோலேப், மதுரை. நான் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தேன். அப்பத்தா எட்ட இருந்தே, எழுத்துத் தெரியாவிட்டாலும், அந்த எண்ணைச் சரியாக வாசித்துக் காட்டினாள்.